இளம் அமெரிக்காவும் வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரசுகளும்: நட்பு, கப்பம், போர்

"அமெரிக்கா தன் முதல் வெளிநாட்டுப் போரையே முஸ்லிம்களுக்கு எதிராகத்தான் நடத்தியது" என்ற செய்தி சமூக ஊடகங்களில் அடிக்கடி வலம் வருகிறது. ஒரு தரப்பார் இதை இஸ்லாத்தின் மீது பழி சுமத்தப் பயன்படுத்துகிறார்கள். மறுதரப்பார் இதையே அமெரிக்காவின் பிறவிப் பகைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் இரண்டையும் படித்துவிட்டு, எது உண்மை என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இரண்டுமே அரைகுறையான செய்திகள். 1776 முதல் சுமார் ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்கா எப்படி வளர்ந்தது, யாரோடு மோதியது, யாரோடு கைகோத்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் விடை தானாகவே தெளிவாகும். அந்த வரிசையை இக்கட்டுரையில் சுருக்கமாகத் தருகிறோம்.

பலவீனமான ஒரு புதிய நாடு

1776-ல் 13 காலனிகள் பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்தன. 1783-ல் பாரிஸ் உடன்படிக்கை மூலம் பிரிட்டன் அதை ஏற்றுக்கொண்டது. 1790-ல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் இருந்தவர்கள் சுமார் 39 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள்.

விடுதலை கிடைத்தது, பாதுகாப்பு போய்விட்டது. அதுவரை அமெரிக்க வணிகக் கப்பல்கள் பிரிட்டிஷ் கொடியின் நிழலில் மத்தியதரைக் கடலில் ஓடின. இனி அந்த நிழல் இல்லை. புதிய நாட்டிடம் கடற்படையும் இல்லை. மத்திய காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரம்கூட அப்போது கிடையாது. பிரிட்டிஷ் சந்தைகள் மூடப்பட்டதால் அமெரிக்க வணிகர்கள் தொலைதூரத் துறைமுகங்களைத் தேடினார்கள். 1784-ன் இறுதியில் ஓர் அமெரிக்கக் கப்பல் நம் புதுச்சேரிக்கே வந்து சேர்ந்தது.

இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. கர்நாடகப் பகுதியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மைசூர் ஹைதர் அலியின் பெயரை, பென்சில்வேனியா மாநிலத்தார் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்குச் சூட்டியிருந்தார்கள். அக்கப்பல் 1782-ல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலை வென்றது. பொது எதிரியை எதிர்ப்பவர் எந்த மதத்தவர் என்று அவர்கள் அன்று பார்க்கவில்லை.

முதலில் கை நீட்டிய மொராக்கோ

அன்று வட ஆப்பிரிக்கக் கரையில் நான்கு முஸ்லிம் அரசுகள் இருந்தன. மொராக்கோ தனி சுல்தானகம். அல்ஜியர்ஸ், தூனிஸ், திரிபோலி ஆகிய மூன்றும் பெயரளவில் உஸ்மானியப் பேரரசுக்குக் கட்டுப்பட்டவை. நடைமுறையில் தனித்து இயங்கியவை. ஐரோப்பியர் இந்தக் கரை முழுவதையும் 'பார்பரி' என்று அழைத்தார்கள்.

மொராக்கோவின் சுல்தான் சைய்யிதி முஹம்மத் இப்னு அப்துல்லாஹ், 1777 டிசம்பர் 20 அன்று, அமெரிக்கக் கப்பல்கள் தம் துறைமுகங்களுக்குத் தடையின்றி வரலாம் என்று அறிவித்தார். அமெரிக்கா இன்னும் போர்க்களத்தில் இருந்த நேரம் அது. புதிய நாட்டை அங்கீகரித்தவர்களின் முன்வரிசையில் ஒரு முஸ்லிம் அரசு நின்றது என்பதை அமெரிக்க அரசே இன்றும் சொல்கிறது.

அமெரிக்கா பதில் தரத் தாமதித்தது. 1784-ல் சுல்தான் 'பெட்சி' என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்து வைத்துத் தம் அதிருப்தியைக் காட்டினார். பின்னர் கப்பலும் ஆட்களும் விடுவிக்கப்பட்டார்கள். 1786-ல், ஹிஜ்ரி 1200-ல், மராக்கேஷில் நட்பு உடன்படிக்கை கையெழுத்தானது. ஆண்டுக் கப்பம் எதுவும் அதில் இல்லை. இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டால்கூடப் பிடிபடுவோரை அடிமைகளாக்கக் கூடாது, கைதிகளாகப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்ற விதி அதில் இருந்தது.

1802-ல் ஒரு பிணக்கு ஏற்பட்டு, 1803-ல் தீர்ந்தது. உடன்படிக்கை 1836-ல் புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்கா இன்றுவரை முறியாமல் வைத்திருக்கும் மிகப் பழமையான நட்பு உடன்படிக்கை இதுதான். தஞ்சா நகரில் 1821-ல் சுல்தான் மவ்லாய் சுலைமான் அன்பளிப்பாக வழங்கிய கட்டடம், வெளிநாட்டில் அமெரிக்க அரசுக்குச் சொந்தமான முதல் சொத்தாக அமைந்தது.

அல்ஜியர்ஸும் கப்பமும்

அல்ஜியர்ஸின் நிலைமை வேறு. கப்பம் கட்டாத நாடுகளின் கப்பல்களைப் பிடிப்பதும், ஆட்களைச் சிறைவைத்து மீட்புத் தொகை வாங்குவதும் அதன் வருவாய் வழிகளில் ஒன்றாக இருந்தன. பிரிட்டனும் பிரான்ஸும் இந்த அரசுகளுக்குப் பணமும் அன்பளிப்பும் கொடுத்து அமைதியை வாங்கி வைத்திருந்தன. கப்பம் கட்ட முடியாத சிறு நாடுகளே அதிகம் அடிபட்டன.

1785-ல் அல்ஜியர்ஸ் கப்பல்கள் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தன. 21 பேர் கைதானார்கள். 1793-ல் போர்ச்சுகல் அல்ஜியர்ஸோடு போர்நிறுத்தம் செய்துகொண்டதும், அல்ஜியர்ஸ் கப்பல்களுக்கு அட்லாண்டிக் கடல் திறந்துவிட்டது. அந்த ஆண்டே மேலும் 11 அமெரிக்கக் கப்பல்கள் பிடிபட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

அமெரிக்கா இரண்டு வழிகளில் பதில் சொன்னது. முதலாவது, 1794 மார்ச்சில் ஆறு பெரிய போர்க்கப்பல்கள் கட்டச் சட்டம் இயற்றியது. அமெரிக்கக் கடற்படை வளர்ந்தது அங்கிருந்துதான். அவற்றில் ஒன்றான 'கான்ஸ்டிடியூஷன்' இன்றும் பாஸ்டன் துறைமுகத்தில் மிதக்கிறது. இரண்டாவது, 1795-ல் அல்ஜியர்ஸோடு ஒப்பந்தம் செய்தது. 6,42,500 டாலர் பணமும், ஆண்டுதோறும் கப்பல் கட்டும் பொருட்களும் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1796-ல் கைதிகள் விடுதலையானார்கள். அவர்களில் சிலர் பத்தாண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்தவர்கள். பலர் அங்கேயே இறந்திருந்தார்கள்.

லண்டனில் நடந்த ஓர் உரையாடல்

இந்தக் கதையில் நம்மைச் சங்கடப்படுத்தும் ஒரு பகுதி உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

1786 மார்ச்சில் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் லண்டனில் திரிபோலியின் தூதர் அப்துர் ரஹ்மானைச் சந்தித்தார்கள். உங்களுக்குத் தீங்கு செய்யாத நாட்டின் மீது எதற்காகப் போர் தொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தங்கள் அதிகாரத்தை ஏற்காத நாடுகளோடு போரிட்டு அவர்களை அடிமையாக்கத் திருக்குர்ஆனே அனுமதிக்கிறது என்ற பொருளில் தூதர் பதில் சொன்னதாக, இருவரும் தங்கள் அரசுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார்கள். இன்று இணையத்தில் பரவும் வாதங்களில் பெரும்பாலானவை இந்தக் கடிதத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன.

ஆனால், அதே தூதர் அதே பேச்சில் நிரந்தர அமைதிக்கு 30,000 கினி என்று விலை சொன்னதும், தமக்குத் தனியே தரகுத் தொகை கேட்டதும் அதே கடிதத்தில் இருக்கின்றன. மார்க்கக் கடமை என்றால் அதற்கு விலைப்பட்டியல் இருக்க முடியுமா? பணம் கொடுத்தால் நிற்கும் போர், பணத்திற்கான போர். செய்த உடன்படிக்கையை நிறைவேற்றுவதும், கைதிகளிடமும் அடிமைகளிடமும் நன்முறையில் நடப்பதும், அவர்களை விடுவிப்பதும் இஸ்லாம் வலியுறுத்தும் பண்புகள். ஓர் ஆட்சியாளர் தம் வருவாய்க்கு வேதத்தைத் துணைக்கு அழைத்தால், அந்தச் சொல்லுக்கு அவரே பொறுப்பு. அதே ஆண்டில் மொராக்கோ சுல்தான் கப்பமில்லாமல் நட்பு செய்துகொண்டார். அவரும் முஸ்லிம் ஆட்சியாளர்தான்.

திரிபோலி உடன்படிக்கையின் 11-வது பிரிவு

1796 நவம்பரில் திரிபோலியோடு அமெரிக்கா உடன்படிக்கை செய்தது. 1797 ஜூனில் செனட் சபை அதை எதிர்ப்பின்றி ஏற்றது. ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார். அதன் 11-வது பிரிவு புகழ்பெற்றது. அமெரிக்க அரசு எந்த வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதல்ல. முஸ்லிம்களின் சட்டம், மதம், அமைதி ஆகியவற்றின் மீது அதற்குப் பகை இல்லை. மதக் கருத்துகளைக் காரணமாக்கி இரு நாடுகளின் நல்லுறவு குலையக் கூடாது என்பது அதன் சாரம்.

இங்கே ஒரு விவரத்தையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. இந்தப் பிரிவு ஆங்கில வாசகத்தில் இருக்கிறது. 20-ம் நூற்றாண்டில் அரபு மூலத்தை ஆராய்ந்தபோது அந்த இடத்தில் இப்பிரிவு காணப்படவில்லை. எப்படி நேர்ந்தது என்பதற்குத் தெளிவான விளக்கம் இல்லை. ஆனால் செனட் சபை படித்து ஏற்றதும், அமெரிக்க நாளிதழ்களில் வெளியானதும் ஆங்கில வாசகம்தான். ஆகவே அன்றைய அமெரிக்க அரசு தன்னை எப்படி அறிவித்துக்கொண்டது என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

முதல் மோதல் பிரான்ஸோடு

அமெரிக்கா விடுதலை பெறத் துணை நின்ற நாடு பிரான்ஸ். 1794-ல் அமெரிக்கா பிரிட்டனோடு உடன்படிக்கை செய்ததும் பிரான்ஸ் கோபம் கொண்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிரெஞ்சுக் கப்பல்கள் பிடித்தன. சமாதானம் பேசச் சென்ற அமெரிக்கத் தூதர்களிடம் பிரெஞ்சு அதிகாரிகளின் ஆட்கள் கையூட்டு கேட்டார்கள். 1798 முதல் 1800 வரை இரு நாட்டுக் கடற்படைகளும் போர் அறிவிப்பு இல்லாமலே மோதிக்கொண்டன. அமெரிக்கக் கடற்படைக்குத் தனித் துறை உருவானதும் 1798-ல்தான்.

ஆக, விடுதலைக்குப் பின் அமெரிக்கா வெளிநாட்டோடு நடத்திய முதல் கடற்போர், திரிபோலிப் போருக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஒரு ஐரோப்பிய நாட்டோடு நடந்தது. தொடக்கத்தில் சொன்ன வாசகம் இங்கேயே தவறாகிவிடுகிறது.

திரிபோலிப் போர், 1801–1805

திரிபோலியின் பாஷா யூசுஃப் கரமன்லி, அல்ஜியர்ஸுக்குக் கிடைத்த அளவு தமக்குக் கிடைக்கவில்லை என்று கூடுதல் தொகை கேட்டார். மறுக்கப்பட்டதும் 1801 மே 14 அன்று அமெரிக்கத் தூதரகத்தின் கொடிக்கம்பத்தை வெட்டச் செய்து போரை அறிவித்தார். ஜனாதிபதியாகியிருந்த ஜெஃபர்சன் கப்பல்படையை அனுப்பினார்.

1803 அக்டோபரில் 'ஃபிலடெல்ஃபியா' என்ற பெரிய அமெரிக்கப் போர்க்கப்பல் திரிபோலி அருகே தரைதட்டியது. கேப்டன் பெயின்பிரிட்ஜ் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1804 பிப்ரவரியில் ஸ்டீஃபன் டிகேட்டர் தலைமையில் சிலர் இரவில் துறைமுகத்துக்குள் புகுந்து அக்கப்பலை எரித்தார்கள்.

1805-ல் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க அதிகாரி வில்லியம் ஈட்டன் எகிப்துக்குச் சென்று, பாஷாவின் அண்ணன் அஹ்மத் கரமன்லியைச் சந்தித்தார். ஆட்சியை அவருக்கே மீட்டுத் தருவதாகக் கூட்டுச் சேர்ந்தார். சில அமெரிக்கப் படைவீரர்களும், கூலிக்கு அமர்த்தப்பட்ட கிரேக்கரும், அஹ்மதின் அரபு ஆதரவாளர்களும் சேர்ந்து சுமார் 500 மைல் பாலைவனத்தைக் கடந்து ஏப்ரல் 27-ல் தெர்னா நகரைப் பிடித்தார்கள். ஒரே படையில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், எதிரில் ஒரு முஸ்லிம் பாஷா! இதை மதப்போர் என்று எப்படிச் சொல்வது?

ஜூனில் உடன்பாடு வந்தது. கைதிகளுக்காக அமெரிக்கா 60,000 டாலர் கொடுத்தது; யூசுஃப் பதவியில் தொடர்ந்தார்; அஹ்மத் கைவிடப்பட்டார். வல்லரசுகள் உள்ளூர்க் கூட்டாளிகளைப் பயன்படுத்திவிட்டு நடுவழியில் விடுவதைப் பின்னாளிலும் உலகம் பலமுறை கண்டது. முஸ்லிம்களின் மதத்தின் மீது பகை இல்லை என்ற வாசகம் 1805 உடன்படிக்கையிலும் இடம்பெற்றது. கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதல்ல என்ற தொடர் மட்டும் அதில் இல்லை.

இந்தப் போரின்போது பிடிபட்ட தூனிஸ் கப்பல்களுக்கு நிவாரணம் கேட்டு, தூனிஸ் தூதர் சுலைமான் மெல்லிமெல்லி 1805 இறுதியில் வாஷிங்டன் வந்தார். அது ரமளான் மாதம். ஜெஃபர்சன் டிசம்பர் 9 அன்று அவரை விருந்துக்கு அழைத்தார். வழக்கமாகப் பிற்பகல் மூன்றரைக்கு நடக்கும் விருந்து, தூதரின் நோன்பைக் கருதி, சூரியன் மறையும் நேரத்துக்கு மாற்றப்பட்டது.

நிலம் பெருகிய கதை

கடலில் இவை நடந்துகொண்டிருந்தபோது நிலத்தில் நாடு விரிந்தது. ஹைட்டித் தீவில் அடிமைகள் நடத்திய புரட்சி நெப்போலியனின் படையை முறியடித்துக்கொண்டிருந்தது. பிரிட்டனோடு மீண்டும் போர் மூளும் நிலையில் அவருக்குப் பணம் தேவைப்பட்டது. 1803-ல் லூசியானாப் பகுதியை 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார். சுமார் 8,28,000 சதுர மைல் நிலம் சேர்ந்து, நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. 1819 உடன்படிக்கையில் ஸ்பெயின் ஃபுளோரிடாவை விட்டுக்கொடுத்தது. 1821-ல் மாநிலங்கள் 24 ஆயின.

இந்த நிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடி மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களை ஒன்றுதிரட்டிப் போராடிய ஷானி இனத் தலைவர் டெகும்சே 1813-ல் போரில் கொல்லப்பட்டார். அமெரிக்க வளர்ச்சிக்குப் பெருவிலை கொடுத்தவர்கள் பூர்வகுடிகளும் அடிமைகளும்தான்.

பிரிட்டனோடு போர், 1812–1815

நெப்போலியனோடு போரிட்ட பிரிட்டனுக்கு மாலுமிகள் தேவைப்பட்டார்கள். அமெரிக்கக் கப்பல்களை நடுக்கடலில் நிறுத்தி, தம் நாட்டவர் என்று சொல்லி மாலுமிகளைப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றார்கள். இவ்வாறு பிடிக்கப்பட்ட அமெரிக்கர்களின் தொகை பல ஆயிரம். வட ஆப்பிரிக்க அரசுகள் முப்பது ஆண்டுகளில் பிடித்தவர்களோ சில நூறு பேர். ஒரே மொழியும் ஒரே மதமும் கொண்ட நாடே அதிகக் கொடுமை செய்தது.

1812 ஜூனில் அமெரிக்கா போர் அறிவித்தது. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து ஜனாதிபதி மாளிகையையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் எரித்தது. அந்த டிசம்பரில் கெண்ட் நகரில் சமாதானம் ஏற்பட்டது. எல்லைகள் பழையபடியே நின்றன.

அல்ஜியர்ஸோடு கடைசிக் கணக்கு

1812-ல் அல்ஜியர்ஸ் மீண்டும் ஓர் அமெரிக்கக் கப்பலைப் பிடித்திருந்தது. பிரிட்டனோடு போர் முடிந்ததும், 1815-ல் டிகேட்டர் பெரும் படையோடு வந்தார். ஜூன் 17 அன்று நடந்த சண்டையில் அல்ஜியர்ஸின் புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் ரயீஸ் ஹமீதூ உயிரிழந்தார். சில நாட்களில் புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. கப்பம் நின்றது; கைதிகள் விடுதலையாயினர். தூனிஸும் திரிபோலியும் இழப்பீடு கொடுத்தன.

கடற்கொள்ளையை ஒழிப்பதாகச் சொல்லி வந்த ஐரோப்பிய வல்லரசுகள் அத்துடன் நிற்கவில்லை. 1830-ல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. அந்த நாடு விடுதலை பெற 1962 வரை, 132 ஆண்டுகள் ஆயின. கப்பல் வருவாயை நம்பி, கல்வியையும் தொழிலையும் கடற்படைத் திறனையும் வளர்க்காத ஆட்சியாளர்களின் அலட்சியத்துக்கு விலை கொடுத்தது அங்கிருந்த பொதுமக்கள்.

இரு கரைகளிலும் அடிமைத்தனம்

அல்ஜியர்ஸில் அமெரிக்கக் கைதிகள் பட்ட துன்பம் உண்மை. அதே காலத்தில் மால்டா தீவின் கிறிஸ்தவ வீரர்கள் முஸ்லிம்களைப் பிடித்து அடிமையாக்கியதும் உண்மை. அமெரிக்க மண்ணிலேயே மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள் அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்ததும் உண்மை.

அவர்களில் ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்ராஹீமா. ஃபூட்டா ஜாலோன் ஆட்சியாளரின் மகன். மார்க்கக் கல்வி கற்றவர். 1788-ல் பிடிபட்டு நாட்செஸ் நகரில் விற்கப்பட்டார். 1826-ல் அவர் அரபியில் எழுதிய கடிதம் தஞ்சா வழியாக மொராக்கோ சுல்தானைச் சென்றடைந்தது. சுல்தான் அவரது விடுதலையைக் கோரினார். ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸின் அரசு தலையிட்டு, 1828-ல் அவர் விடுதலையானார். நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. பிள்ளைகளை மீட்கப் பணம் திரட்ட ஊர் ஊராக அலைந்தார். முழுத் தொகை சேரும் முன்பே ஆப்பிரிக்கா திரும்பி, 1829-ல் லைபீரியாவில் வஃபாத்தானார்.

முன்பு மராக்கேஷில் எழுதப்பட்ட அந்த நட்பு உடன்படிக்கை இருந்ததால்தான் ஒரு சுல்தானின் சொல்லுக்கு வாஷிங்டனில் மதிப்பு இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

1823-ல் ஜனாதிபதி மன்றோ, அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் இனிப் புதிய காலனிகளை நிறுவக் கூடாது என்று எச்சரித்தார். கப்பம் கட்டிக்கொண்டிருந்த நாடு அந்த அளவுக்கு உயர்ந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அது பிரான்ஸோடும், திரிபோலியோடும், பிரிட்டனோடும், அல்ஜியர்ஸோடும், பூர்வகுடிகளோடும் போரிட்டது. மொராக்கோவோடு நட்பைக் காத்தது. கடல் வணிகமும் நிலமும் பணமுமே இந்த உறவுகளைத் தீர்மானித்தன. மதத்தின் பெயரை இரு தரப்பிலும் சிலர் உச்சரித்தார்கள். அரசுகள் கையெழுத்திட்ட ஆவணங்களோ பெரும்பாலும் வேறு கதை சொல்கின்றன.

எனவே நம் பிள்ளைகள் கைப்பேசியில் வந்த ஒரு வரியைக் காட்டிக் கேட்டால், கோபப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். எந்த ஆண்டு, எந்த அரசு, எந்த ஆவணம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லிக்கொடுப்போம். வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். நம்மைப் புகழும் செய்திக்கும் நம்மைப் பழிக்கும் செய்திக்கும் அந்த ஒழுக்கம் ஒன்றுபோலவே பொருந்தும்.